ம்

லாபிஸில், கூட்டுறவுச் சங்க மாடியில்,
கீழே பட்டறையின் வெல்டிங் வாசம் ஏறிவர,
பதினேழு பேர்.
செம்பனைக் குலை அறுக்கும் கம்புக்கு
ஒரு தர அளவு எழுத வந்தவர்கள்.
நான் குறிப்பெழுதுபவள், கணக்கில் சேராதவள்.

மேசைமேல் மூன்று ஆவணம்.
எண் 11, கம்பு செய்யும் கம்பெனி தந்தது:
நாற்பத்திரண்டு பக்கம், வரைபடங்கள்,
அலுமினியக் குழாயின் தடிப்பு
தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை.
எண் 12 ஆய்வுக் கழகத்தது,
எட்டு மணி நேரம் தூக்கிய தோள்களின் அட்டவணை.
எண் 13, ஒன்றரைப் பக்கம்.
தொழிற்சங்கக் கிளையிலிருந்து குழந்தைவடிவேல்.
மலாயில் எழுதிக்கொண்டே போய்
ஒரு சொல் கிடைக்காமல் தமிழிலேயே விட்டிருந்தார்:
இழுத்துக்கொண்டது.

தலைவர் நோர்ஹயாத்தி சொன்னார்:
எது நல்லது என்று நான் கேட்கவில்லை.
எதிலிருந்து தொடங்கலாம்?
ஏற்றுக்கொண்டால் இன்றோடு அது எழுதியவருடையது அல்ல.
குழு வெட்டும், ஒட்டும்.
எழுதியவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம்.
கம்பெனிப் பொறியாளர் சூன் ஹாக்
பேனா மூடியைக் கழற்றினார்,
மாட்டினார்.

கை தூக்கலாமே என்றது ஒரு குரல்.
பின்வரிசையில் ஐந்து அறுப்புக்காரர்கள்.
முன்வரிசையில் அவர்களுடைய மேனேஜர்.
தலைவர் இரண்டு வரிசையையும் பார்த்தார்.
கை வேண்டாம்,
வாயை மூடிக்கொண்டு ம் சொல்லுங்கள்,
எண்ணப்போவதில்லை, காதால் கேட்பேன்.

கதை கேட்கும்போது கொட்டுவோமே, அந்த ம்.
உதடு சேர்ந்தால் போதும்.
யாருடைய உதடு என்று அதற்கு முகவரி கிடையாது.

11க்கு எழுந்தது,
ஆலையில் பாய்லர் சூடேறுகிற மாதிரி.
தண்ணீர்க் குவளை மேசையில் நகர்ந்தது.
12க்கு நடுத்தரம், கொஞ்சம் மரியாதை.
13க்கு
பின்னாலிருந்து, தாழ்வாக, நெடுநேரம்,
நிறுத்த மறந்துவிட்டவர்கள் போல.
சிகமாட் போகும் ரயில் வந்து
அதையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

பதினொன்று அடித்தளம் என்றார் தலைவர்.
மறுப்பு உண்டா?

குழந்தைவடிவேல் எழுந்தார். ஒரே ஆள்.
கம்பு எவ்வளவு நீளம், எவ்வளவு கனம்,
எல்லாம் இருக்குங்க இதுல.
மேல கரண்டு கம்பி போவுதுன்னு மட்டும் இல்ல.

பதினாறுக்கு ஒன்று என்று எழுதப்போனேன்.
தலைவர் என் பக்கம் திரும்பினார்:
எண்ணாதீர்கள். அவருக்குப் பதில் இருக்கிறதா?
சூன் ஹாக் தன் நாற்பத்திரண்டு பக்கத்தையும் புரட்டினார்,
அவசரப்படாமல்,
கடைசியில் இல்லை என்றார்.
அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஒரு வினைச்சொல்லுக்கு.
ஹெண்டாக்லா என்றால் வேண்டும்,
செபாய்க்ஞா என்றால் செய்தால் நல்லது.
வேண்டும் என்று போட்டால்
நானூறு கம்பை நாளைக்கே மாற்றணும் என்றார் மேனேஜர்.
நல்லது என்று போட்டால்
ஒருத்தனும் மாற்றமாட்டான் என்றது பின்வரிசை,
இந்த முறை வாயைத் திறந்தே.
மழை பிடித்தது.
தே ஓ ஆறி மேலே ஏடு படிந்தது.
பிரிவு 6.3ஐ நான் இப்படித் தட்டச்சு செய்தேன்:

கைப்பிடிப் பகுதி மின்சாரம் கடத்தாமல்
[இருக்க வேண்டும்] [இருந்தால் நல்லது]

முடிவாகாததற்குச் சதுர அடைப்பு.
அடுத்த கூட்டம் நவம்பரில், குளுவாங்கில்.
எண் 13, நிலை: குறித்துக்கொள்ளப்பட்டது.

படியிறங்கும்போது குழந்தைவடிவேல் கேட்டார்,
அந்தத் தமிழ்ச் சொல்லை என்ன பண்ணினீங்க?
அப்படியே விட்டிருக்கிறேன் என்றேன்.
யாரை, எந்தத் தோட்டத்தில் என்று
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெளியே ஐந்து மோட்டார்சைக்கிள் கிளம்பிப் போயின.
யாரோ இன்னும் ம் என்றுகொண்டிருந்தார்கள்.
நின்று பார்த்தேன்.
சந்து முனையில்,
நனைந்த கம்பத்தின்மேல், டிரான்ஸ்பார்மர்.
குடையை மேலேயே விட்டு வந்திருந்தேன்.